சத்தம் கேட்டுத் திரும்பினால் போதுமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சென்ற காலாண்டுக் கூட்டத்தில், மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டதால் முழுவதையும் வெளியிடுகிறோம்.)



மோட்டார் பிரச்சினையும் பார்க்கிங் பிரச்சினையும் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பசி வந்திருக்கும், மீதிப் பேருக்குக் கோபம் இன்னும் இறங்கியிருக்காது. அதனால் சுற்றி வளைக்காமல் பேசிவிடுகிறேன்.

செயலாளர் என்னிடம் "குழந்தை வளர்ப்பு பற்றி ஏதாவது பேசுங்கம்மா" என்றார். அங்கன்வாடியில் எத்தனையோ ஆண்டுகள் எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, பதிவேடு எழுதியவள் என்பதால் கேட்டிருப்பார். நான் குழந்தை வளர்ப்பு முழுவதையும் பேசப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம்தான். இரண்டு வயது, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பேச்சு. அதிலும் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். மேற்பார்வையாளராக இருந்தவளுக்குச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் பேரனை உங்களுக்கெல்லாம் தெரியும். மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிறவன், காதில் நீல நிற மிஷின் போட்டிருக்கிறவன். இப்போது ஐந்து வயது. இரண்டரை வயது வரை அவனுக்கு நான்கைந்து சொற்கள்தான் இருந்தன. அம்மா, தாத்தா, மாடு, வா. இன்னொன்று 'ஆப்பா'. அந்த ஆப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மருமகள் என் அண்ணன் மகள்தான். அவன் ஒன்றரை வயதாக இருக்கும்போதே அவள் சொன்னாள். "அத்தை, இவன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான் அத்தை. ஒருவேளை காது கேக்கலையோ?" நான் என்ன செய்தேன் தெரியுமா? சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். பையன் சட்டென்று திரும்பினான். "பாத்தியா? காது நல்லா கேக்குது. ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும். இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

குக்கர் விசில் அடித்தால் திரும்புவான். அரவை சீசனில் பண்ருட்டி ரோட்டில் கரும்பு டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் பால்கனிக்கு ஓடுவான். வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தேகம் போய்விட்டது. அவளுக்கு மட்டும் போகவில்லை. ஒரு மருத்துவரிடம் கேட்டோம், அவரும் "மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்" என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. இப்படியே ஒரு வருஷம் போனது.

கடைசியில் அவள் என்னிடம் சொல்லாமல், அவள் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதனை செய்தாள். என் மகனும் கூடப் போயிருக்கிறான். எனக்குச் சொல்லாமல் போனார்கள் என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். சொல்லியிருந்தால் நான் இன்னொரு தட்டைக் கீழே போட்டிருப்பேன்.

அந்தச் சோதனைக்கு 'பெரா' என்று பெயர். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒட்டுகள் வைத்து, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி அனுப்பி, அந்த ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் முந்தின நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டி வரச் சொல்வார்கள். வழியில் பஸ்ஸில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. இரண்டு காதிலும் குறை இருப்பது தெரிந்தது. முழுச் செவிடு இல்லை, நடுத்தர அளவு. கனமான ஒலிகள் ஓரளவு கேட்கும், மெல்லிய கீச்சு ஒலிகள் கேட்காது.

அங்கே இருந்த செவித்திறன் நிபுணர் ஒரு படம் வரைந்து காட்டியிருக்கிறார். நாம் பேசும் ஒலிகளை எல்லாம் ஒரு கட்டத்தாளில் குறித்தால், எல்லாம் சேர்ந்து ஒரு வாழைப்பழ வடிவத்துக்குள் வந்துவிடுமாம். அதற்குப் பெயரே 'பேச்சு வாழைப்பழம்'தானாம். அ, உ, ம, ன போன்ற ஒலிகள் ஒரு முனையில். ச, ஸ போன்ற உரசல் ஒலிகள் இன்னொரு முனையில். என் பேரனுக்கு அந்தப் பழத்தில் பாதிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. தட்டு விழும் சத்தமும் குக்கர் விசிலும் அந்தப் பழத்துக்கு வெளியே, எங்கேயோ உச்சத்தில் இருக்கும் ஒலிகள். அதைக் கேட்டுத் திரும்புவதற்கும் "சோறு", "சட்டை" என்ற சொற்களைப் பிரித்தறிவதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்த எனக்கு இது தெரியாது. தட்டைப் போட்டுப் பார்ப்பதைத்தான் நானும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது ஆப்பாவுக்கு வருகிறேன். அவன் சமையலறை வாசலில் நின்று "ஆப்பா, ஆப்பா" என்பான். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு, "அப்பா ஆபீஸ் போயிருக்காருடா, சாயங்காலம் வருவாரு" என்போம். சில நாள் அழுவான். அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மிஷின் போட்ட பிறகுதான் புரிந்தது. அவன் கேட்டது சாப்பாடு. 'சா' அவன் காதில் விழவே இல்லை, 'டு' பாதி. மிச்சம் இருந்தது ஆப்பா. பசித்த பிள்ளையை நாங்கள் ஒரு வருஷம் அப்பாவுக்காகக் காத்திருக்கச் சொன்னோம்.

மிஷின் மாட்டிய முதல் வாரம் நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து பொரியும் சத்தம் வந்ததும் ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்தான். அந்தச் சத்தம் அவனுக்குப் புதுசு.

சரி, வீட்டுக் கதை போதும். எதற்காக இவ்வளவு அவசரம், மூன்று வயதில் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இந்தியிலிருந்து த, ட என்ற இரண்டு ஒலிகளை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அது சர்வசாதாரணம். 'பத்து', 'பட்டு' என்பதைக் குழப்பிக்கொள்ள மாட்டோம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த இரண்டையும் சுலபமாகப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆகும்போது அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலியை மூளை தேவையில்லை என்று தள்ளிவிடுகிறது. அதாவது பிள்ளை வாய் திறந்து முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்பே, எந்த ஒலி வேண்டும், எந்த ஒலி வேண்டாம் என்ற கணக்கு உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. காது சரியாக இல்லாத பிள்ளைக்கு அந்தக் கணக்கு தப்புத்தப்பாக நடக்கும். அதனால்தான் பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை என்னவென்று உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகம் முழுவதும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். ஒன்று, மூன்று, ஆறு. நாங்கள் வந்து சேர்ந்தது முப்பதாவது மாதத்தில்.

நம் முன்னோர்கள் இதையெல்லாம் கவனிக்காதவர்கள் இல்லை. பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதில் பருவங்களுக்கு மாதக் கணக்கு சொல்வார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதுதான் தாலாட்டு. சப்பாணி என்பது கையைத் தட்டச் சொல்வது. பார்த்து அதேபோலச் செய்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். வருகையில் "வா" என்று கூப்பிடுகிறோம். வருகிறதா என்று பார்க்கிறோம். அம்புலியில் நிலாவைக் காட்டுகிறோம். நம் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறதா? குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் அட்டவணையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான் இருக்கிறது. ஒன்பது, பத்து மாதத்தில் கைதட்டிக் காட்டினால் திருப்பிச் செய்வது, ஒரு வயதையொட்டிக் கூப்பிட்டால் வருவது, ஒன்றே கால் வயதுக்குள் விரல் நீட்டிக் காட்டுவது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி, "நெலாவக் காட்டுனா பாக்க மாட்டேங்குதும்மா" என்று தன் பேத்தியைப் பற்றிச் சொன்னார். நான் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுத அதற்கு ஒரு கட்டம் இல்லை.

பிள்ளைத்தமிழ் என்றதும் குமரகுருபரர் ஞாபகத்துக்கு வருவார். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியவர். நம் சிதம்பரத்தின் மேல் மும்மணிக்கோவையும் செய்யுட்கோவையும் பாடியவர். அவர் ஐந்து வயது வரை பேசவில்லை, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள், பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்பது வரலாறு. பேசாத பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்கள். "குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று என் வீட்டில் சொன்னது நான்தான். எனக்குப் பக்தி உண்டு, அந்த வரலாற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயம் பிறகு யோசித்தேன். அவர் பேசவில்லை என்றுதான் வரலாறு இருக்கிறதே தவிர, கேட்கவில்லை என்று இல்லை. இன்னொன்று, அவருடைய பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கே போக முடியுமோ அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வசம்பைப் பற்றியும் கேட்பீர்கள். சுட்டு இழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பார்கள். அதற்கு 'பேர் சொல்லாதது' என்றே ஒரு பெயர் உண்டு. பேச்சு வர மருந்து, அதன் பெயரை மட்டும் நாம் சொல்லக் கூடாது! சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சில வகை வசம்பில் இருக்கும் எண்ணெய் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது என்று அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. நாக்கில் எதைத் தடவியும் காது திறக்காது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவதும் வேண்டாம். அரிதாக என்றாலும் அதில் ஆபத்தான கிருமி வர வாய்ப்பு உண்டு. நாக்கின் அடியில் ஒட்டு இருந்தால் பால் குடிப்பதில் சிரமம் இருக்கலாம், சில ஒலிகள் பிசகலாம். ஆனால் பிள்ளை ஒரு சொல்கூடப் பேசாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. நாக்கை வெட்டிவிட்டால் பேசிவிடும் என்று யாராவது சொன்னால், முதலில் காதைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

தமிழ் பேசும் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் சேதியெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. வந்தேன், வந்தான், வந்தாள். வீட்டுல, வீட்டுக்கு, வீட்ட. யார் வந்தது, எங்கே போவது எல்லாம் கடைசி எழுத்தில்தான் தெரியும். அந்தக் கடைசி எழுத்தைத்தான் நாம் பேசும்போது முழுங்குகிறோம். 1989இல் பரிமளா ராகவேந்திரா, லாரன்ஸ் லியோனார்ட் இருவரும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்து எழுதினார்கள். இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளே இந்த விகுதி, வேற்றுமை உருபுகளையெல்லாம் பெரிய பிழை இல்லாமல் பயன்படுத்துகின்றன என்று கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணத்தை, பால் குடிக்கிற பிள்ளை யாரும் சொல்லித்தராமல் எடுத்துக்கொள்கிறது. காது குறைந்த பிள்ளைக்கு முதலில் தவறிப்போவது இந்த வால்தான். என் பேரன் இன்றைக்கும் சில சமயம் "அம்மா வந்தான்" என்பான். நாங்கள் "ஆமா, அம்மா வந்தாள்" என்று அந்த 'ள்' மேல் கொஞ்சம் அழுத்திச் சொல்வோம். "தப்பு, திருப்பிச் சொல்லு" என்று சொல்வதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது இதுதான்.

அடுத்தது செல்போன். நீங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது. போன் பார்த்தால் காது கெட்டுப்போகாது, ஆனால் போன் பேச்சும் கற்றுத்தராது. அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்பவரின் குழு 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஆங்கில வீட்டில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு தடவை சீன மொழி கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். சில குழந்தைகளுக்கு அதே பேச்சை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. டிவியில் பார்த்தவை, சீன மொழியையே கேட்காத குழந்தைகள் மாதிரிதான் இருந்தன. கண் கொட்டாமல் பார்த்தன, ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு வயது வரையிலும் ஒரு வயதிலும் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. நம் பிளாட்டில் இருவரும் வேலைக்குப் போய், கீழே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன. சோறு ஊட்டப் போன் கொடுக்காமல் முடியாது என்பார்கள். நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் போனில் ஏ ஃபார் ஆப்பிள் முழுவதும் ஒப்பிக்கிற பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்றால் உங்கள் கையை இழுத்துக்கொண்டு போய்க் குடத்தைக் காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒப்பிப்பது பேச்சு இல்லை. கேட்பதற்கும், மறுப்பதற்கும், காட்டுவதற்கும் சொல் வருகிறதா என்பதுதான் பேச்சு.

இரண்டு மூன்று மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப் பேசாமல் போய்விடும் என்பதும் தவறு. நம் நெல்லிக்குப்பத்தில் உருது பேசும் வீடுகள் எத்தனை! அந்தப் பிள்ளைகள் வீட்டில் உருதுவும் தெருவில் தமிழுமாக வளர்ந்து கடையில் நம்மை ஏமாற்றும் அளவுக்கு இரண்டிலும் பேசுகிறார்கள். (பின்வரிசையில் பாய் சிரிக்கிறார், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.) தெலுங்கு வீடாக இருந்தால் தெலுங்கே பேசுங்கள். எனக்குக் கவலை தருவது வேறு. தனக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் அம்மா பிள்ளையோடு "கம்", "சிட்", "ஈட்", "நோ" என்று நாலு சொல்லோடு நிறுத்திக்கொள்வது. எந்த மொழியில் உங்களால் கதை சொல்லவும் கொஞ்சவும் திட்டவும் முடியுமோ, அந்த மொழியில் பிள்ளையோடு பேசுங்கள்.

எப்படிப் பேசுவது என்றால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிவியையும் மிக்சியையும் நிறுத்திவிட்டு, கை எட்டும் தூரத்தில், முகம் தெரிய உட்காருங்கள். பிள்ளை "பூ" என்றால், "ஆமா, பூ. வெள்ளைப் பூ. கீழ விழுந்துடுச்சு" என்று இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஏதாவது கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நமக்கு அந்தப் பொறுமை கிடையாது, நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு, இது என்ன சொல்லு, அது என்ன சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். வரப்போகிற பேச்சும் உள்ளே போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் குரல் வரும் பக்கம் திரும்ப வேண்டும். தட்டு சத்தம் இல்லை, குரல். பத்து மாதத்துக்குள் 'பாபாபா', 'தாதாதா' என்று அடுக்கிப் பேச வேண்டும். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ஊ', 'ஆ' என்று குரல் கொடுக்கும், அதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் அர்த்தத்தோடு சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொல், அதோடு "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொல்லை ஒட்டுவது. மூன்று வயதில் பிள்ளை பேசுவது வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். ழ, ர, ற எல்லாம் அப்போது சரியாக வராது, 'மழை'யை 'மயை' என்றால் பயப்படாதீர்கள், அது மெதுவாக வரும். ஆனால் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே போய்விடுங்கள்.

பேச்சு தாமதமாகும் எல்லாப் பிள்ளைக்கும் காதில் குறை இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சில பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கும், மருத்துவம் பார்த்தால் சரியாகிவிடும். சிலருக்கு ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம்; காது நன்றாகக் கேட்டும் கண்ணைப் பார்க்காது, விரல் நீட்டிக் காட்டாது. பல பிள்ளைகள் உண்மையிலேயே தாமதமாகப் பேசத் தொடங்கி மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும். எது எந்தப் பிள்ளை என்று வீட்டில் உட்கார்ந்து தட்டைப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் பிறவிக் காதுக் குறை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டில் அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் நான்தான்.

எங்கே போவது? குழந்தைகளைப் பரிசோதிக்க ஒன்றிய அரசு 2013இல் தொடங்கிய திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வரும். நம் பிளாட்டில் பெரும்பாலோர் பிள்ளையை அங்கன்வாடியில் பதிவதே இல்லை, அதனால் அந்தக் குழுவின் கண்ணில் படுவதும் இல்லை. நம் வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசோதனை மேல்மாடிப் பிள்ளைக்குக் கிடைக்காது. அதே திட்டத்தில் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் உண்டு. கடலூர் அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போகும் வழியில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, எத்தனை முறை காரில் தாண்டிப் போயிருப்பீர்கள். காது மிஷினால் பலன் கிடைக்காத அளவுக்குக் குறை இருந்தால் காக்ளியர் இம்பிளான்ட் என்ற அறுவைச் சிகிச்சை. லட்சக்கணக்கில் செலவாகும் அதை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். ஆறு வயது என்பதைக் கேட்டு, இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சீக்கிரம் செய்யும் பிள்ளைக்குத்தான் பேச்சு சுலபமாக வரும்.

சென்னையில் பால வித்யாலயா என்று ஒரு பள்ளி, 1969இல் தொடங்கியது. காது கேளாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கானது. அங்கே பிள்ளையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் டீச்சர் பேசுவதைவிட, மிச்ச நேரம் முழுவதும் வீட்டில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்பதால் அப்படி. எங்கள் வீட்டிலும் அதைத்தான் பின்பற்றினோம். அரிசி கழுவும்போது, துணி மடிக்கும்போது, மாடியில் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது, வாய் ஓயாமல் பேசினோம். அவன் தாத்தா ஜென்மத்தில் அவ்வளவு பேசியது கிடையாது. எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு வந்தே தீரும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சைகை மொழியில் அழகாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், சைகையும் முழு மொழிதான். பிள்ளை ஏதாவது ஒரு மொழி இல்லாமல் வருஷக்கணக்கில் தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் குடியிருப்பில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டில் என் பேரனைப் பார்த்தால், காதைக் காட்டி என்னிடம் "பாவம்" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு இப்போது அது கேட்கிறது. அவனிடமே நேராக, முகத்தைப் பார்த்து, எந்த மாடிக்குப் போகிறாய் என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும்.

இன்னொன்று. நம் இரண்டு பிளாக்கிலும் சேர்த்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினோரு பேர் என்று செயலாளர் கணக்கு சொன்னார். பிறந்தவுடன் காதுச் சோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'ஓஏஇ' என்று ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் மோல்டையும் மாற்ற வேண்டியிருப்பதால், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு புதுச்சேரி போகிறோம். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். காலை ஆறரைக்குக் கிளம்புவோம். வருகிறவர்கள் என் மருமகளிடம் சொல்லிவிடுங்கள். முன்தின இரவு பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைத்துவிடாதீர்கள்.